இஷ்டப்பிரசாதம், கிருபை, அருள்: மீட்பின் காரணம் பற்றிய கிறித்தவச் சிந்தனையும் அதன் தமிழ்ச் சொல்வரலாறும்

முன்னுரை

கடவுள் மனிதனை ஏன் மீட்கிறார் என்னும் காரண வினா கிறித்தவ இறையியலின் மையத்தில் நிற்கிறது. இதற்கு மூவகை விடைகள் கூறப்பட்டுள்ளன. மனிதன் தன் நற்செயலால் தகுதி பெறுவதால் மீட்கிறார் என்பது ஒன்று. தகுதியற்ற மனிதனுக்குத் தகுதியைத் தாமே தந்து, அத்தகுதியை நிறைவுபெறச் செய்து மீட்கிறார் என்பது மற்றொன்று. மீட்பது அவருடைய இயல்பாக இருப்பதால் மீட்கிறார், மனிதனிடத்தில் காரணம் தேடவே வேண்டியதில்லை என்பது மூன்றாவது. முதல் விடையைத் திருச்சபை ஐந்தாம் நூற்றாண்டிலேயே விலக்கிவிட்டது. பின்னைய இரண்டிற்கும் இடையிலான வழக்கே பதினாறாம் நூற்றாண்டில் மேலைத் திருச்சபை பிளவுபடுவதற்குரிய காரணங்களுள் முதன்மையானதாயிற்று.

அவ்வழக்கு நடந்துகொண்டிருந்த அதே காலத்தில் கிறித்தவம் தமிழில் பேசத் தொடங்கியது. ஆகவே ஐரோப்பிய மன்றங்களில் வாதிடப்பட்ட பொருள், தமிழில் சொல்தேர்வு என்னும் வடிவில் வந்து சேர்ந்தது. கத்தோலிக்க மரபு ‘இஷ்டப்பிரசாதம்’ என்றது. சீர்திருத்த மரபு ‘கிருபை’ என்றது. இருபதாம் நூற்றாண்டின் பொது மொழிபெயர்ப்பு ‘அருள்’ என்றது. இம்மூன்று சொற்களும் ஒரே கிரேக்கச் சொல்லுக்கு நேராக வந்தவை; எனினும் மீட்பின் காரணத்தை ஒரே இடத்தில் வைப்பவை அல்ல. அச்சொற்களின் வரலாற்றைப் பின்தொடர்ந்து, கடவுளின் குணமே மீட்பின் காரணம் என்னும் கோட்பாடு தமிழில் எவ்வாறு உருப்பெற்றது என்பதையும், அக்கோட்பாட்டைச் சொன்ன சபைகள் அதன் முன் எவ்வாறு சோதிக்கப்பட்டன என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. விவிலிய அடிப்படை

எபிரேய மறைநூலில் இக்கோட்பாட்டிற்கு இரு சொற்கள் அடிப்படையாகின்றன. ‘ஹேன்’ என்பது பெரியவர் ஒருவர் சிறியவர்மீது காட்டும் தயவு. முகம் மலர்ந்து நோக்கும் பார்வை என்பது அதன் உட்பொருள். ‘ஹெசெட்’ என்பது உடன்படிக்கையில் மாறாத பேரன்பு. மற்றவர் தவறினும் தான் தவறாத உறுதி அதில் அடங்கும். முன்னது செயலையும் பின்னது குணத்தையும் சிறப்பாகக் குறிக்கின்றன எனலாம்.

இவ்விரு சொற்களும் ஒருங்கே வரும் இடங்களுள் முதன்மையானது யாத்திராகமத்தின் 34ஆம் அதிகாரம். சீனாய் மலையில் கடவுள் தம் பெயரைத் தாமே அறிவிக்கும் பகுதி அது. அவ்வறிவிப்பு நிகழும் தருணம் கருதத்தக்கது. இரண்டு அதிகாரங்களுக்கு முன்னரே மக்கள் பொற்கன்றுக்குட்டியை வார்த்து வணங்கிவிட்டனர், கற்பலகைகள் உடைந்துவிட்டன, உடன்படிக்கையை மக்கள் தம் பக்கத்தில் முறித்துவிட்டனர். தகுதி என்று சொல்லிக்கொள்ள எதுவும் எஞ்சாத நிலையில்தான் கடவுள் தம்மை இரக்கமும் தயவும் பொறுமையும் பேரன்பும் உண்மையும் உடையவர் என்று அறிவிக்கிறார். உடன்படிக்கை மீண்டும் எழுதப்படுவதற்கு அவர் குணமன்றி வேறு காரணம் அங்கே கூறப்படவில்லை. அதே அறிவிப்பு குற்றத்தைக் குற்றமன்று எனக் கடவுள் விட்டுவிடார் என்றும் சொல்கிறது. இரக்கமும் நீதியும் ஒரே குணத்தின் இரு முகங்களாக நிற்பதால், மன்னிப்பு எளிய விட்டுக்கொடுப்பாக அங்கே காட்டப்படவில்லை.

உபாகமம் 7ஆம் அதிகாரமும் இதே நெறியில் செல்கிறது. இசுரயேல் தெரிந்துகொள்ளப்பட்டது அது பெரிய இனம் என்பதனால் அன்று; கடவுள் அதன்மீது அன்புகூர்ந்ததனாலேயே என்பது அதன் கருத்து. அன்பிற்குக் காரணம் அன்பே என்னும் இவ்விடை ஏரணத்தில் வட்டமாகத் தோன்றலாம். இறையியலில் அது வேண்டுமென்றே கூறப்பட்ட வட்டமாகும். காரணத் தேடல் கடவுளின் இயல்போடு நின்றுவிட வேண்டும் என்பதே அதன் பொருள். யோனாவின் கதை இதற்கு மறுபக்கச் சான்று. நினிவே மன்னிக்கப்பட்டபோது யோனா சினம் கொள்கிறான்; கடவுள் இத்தகைய குணமுடையவர் என்பதைத் தான் முன்னரே அறிந்திருந்ததே தன் ஓட்டத்திற்குக் காரணம் என்கிறான். யாத்திராகமத்தில் ஆறுதலாக ஒலித்த குணங்களின் பட்டியல் அவன் வாயில் குற்றச்சாட்டாகிறது. பகைவர்க்கும் உரியதாகும்போது அக்குணம் இடறலாகவும் அமையும் என்பதை அந்நூல் உணர்த்துகிறது.

புதிய ஏற்பாட்டில் ‘காரிஸ்’ என்னும் கிரேக்கச் சொல் இப்பொருளை ஏற்றது. பவுல் உரோமையர்க்கு எழுதிய மடலில், மனிதர் பாவிகளாக இருக்கும்போதே கிறித்து அவர்களுக்காக இறந்தார் என்பதைக் கடவுளன்பின் சான்றாக வைக்கிறார். எபேசியர் மடல், மீட்பு மனிதரால் உண்டானதன்று, கடவுளின் கொடை என்கிறது. இங்கே ஒரு நுண்ணிய இருமை தோன்றுகிறது. ‘காரிஸ்’ என்பது கொடுப்பவரின் மனநிலையையும் குறிக்கும்; கொடுக்கப்பட்ட பொருளையும் குறிக்கும். பின்வந்த வழக்கனைத்தும் இவ்விருமையில் வேர்கொண்டது.

2. அகுஸ்தீன் முதல் திரெந்து வரை

மனிதன் தன் விருப்பாற்றலால் கடவுளின் கட்டளையை நிறைவேற்ற இயலும் என்று பெலாகியுஸ் கற்பித்ததை அகுஸ்தீன் (354–430) எதிர்த்தார். விரும்புவதற்கும் கடவுளின் உதவி முந்த வேண்டும் என்பது அவர் நிலை. 418இல் கார்த்தேசில் கூடிய ஆயர் மன்றம் பெலாகியுஸின் கொள்கையை விலக்கியது. 529இல் ஒராஞ்சில் கூடிய இரண்டாம் மன்றம், நம்பிக்கையின் தொடக்கமும் இறையுதவியின் பயனே என்று உறுதிசெய்தது. ஆகவே பிற்காலக் கத்தோலிக்கம் செயலால் மீட்பு என்று கற்பித்தது எனப் பொதுமக்களிடையே நிலவும் கருத்து வரலாற்றுக்கு ஒத்ததன்று.

இடைக்காலக் கல்விக்கூடங்கள் அகுஸ்தீனின் கருத்தை அரிஸ்டாட்டிலின் சொற்களில் விளக்கின. இறையுதவி ஆன்மாவில் பொழியப்பட்டு அதில் தங்கும் ஒரு பண்பு என்று அது வரையறுக்கப்பட்டது. மருந்து உடலில் தங்கி நோய் தீர்ப்பதுபோல அப்பண்பு ஆன்மாவில் தங்கி அதைக் கடவுளுக்கு உகந்ததாக்கும். மார்ட்டின் லூத்தர் (1483–1546) இவ்விளக்கத்தையே வினவினார். உள்ளே தங்கும் பண்பின் அளவே உறுதிக்கு அடிப்படையானால், தன்னுள் நோக்கும் மனிதனுக்கு ஒருபோதும் உறுதி வாராது. கடவுளின் வாக்குறுதியை நோக்கும்போதே அது வரும். அவருடைய உடனுழைப்பாளர் மெலாங்க்தன் 1521இல் வெளியிட்ட இறையியல் நூலில், ‘காரிஸ்’ என்பது மனிதனுள் இருக்கும் பண்பன்று, மனிதன்பால் கடவுள் கொண்ட தயவே என்று தெளிவாக வரையறுத்தார்.

மொழிபெயர்ப்பு வரலாற்றில் இக்கருத்து ஒரு சொற்றொடரின்மீது வந்து குவிந்தது. லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் வானதூதர் மரியாவை வாழ்த்தும் சொல்லை இலத்தீன் விவிலியம் ‘அருளால் நிறைந்தவள்’ என்னும் பொருளில் பெயர்த்திருந்தது. 1530இல் மொழிபெயர்ப்புக் கலை பற்றி எழுதிய திறந்த மடலில் லூத்தர் இதை எள்ளி நகையாடுகிறார். நிறைந்தவள் என்றால் செருமானியன் பீர் நிறைந்த பீப்பாயையோ பணம் நிறைந்த பையையோ நினைப்பான் என்பது அவர் வாதம். எனவே இனியவள், அன்புக்குரியவள் என்னும் பொருள்பட அவர் பெயர்த்தார். நகைச்சுவைக்குப் பின்னால் கோட்பாடு இருந்தது. மரியா ஒரு பொருளால் நிரப்பப்பட்ட கலமல்லள்; கடவுளின் தயவுக்கு இலக்கானவள் என்பதே அது.

திரெந்து மன்றம் 1547 சனவரி 13ஆம் நாள் வெளியிட்ட தீர்மானம் இதற்கு விடையளித்தது. நீதியாக்கப்படுவதற்கு முன்வரும் எதுவும், நம்பிக்கையாயினும் செயலாயினும், அக்கொடையை ஈட்டித்தராது என்று அத்தீர்மானமும் கூறுகிறது. ஆயினும் மனிதரை நீதியாக்கும் அருள் கடவுளின் தயவு மட்டுமே என்று கூறுவோரை அதன் 11ஆம் விதி கண்டிக்கிறது. இதயத்தில் பொழியப்பட்டுத் தங்கும் கொடையும் அதில் உண்டு என்பது மன்றத்தின் நிலை. இரு தரப்பும் முதற்காரணம் கடவுளே என்பதில் உடன்பட்டன. அருள் என்பது எங்கே இருக்கிறது, கடவுளின் முகத்திலா மனிதனின் உள்ளத்திலா என்பதே எஞ்சிய வழக்கு.

3. முத்துக்குளித்துறையும் மதுரையும்

திரெந்துத் தீர்மானம் வெளிவருவதற்கு முந்திய ஆண்டில், 1546இல், இயேசு சபைத் துறவியான என்றிக்கே என்றீக்கசு (1520–1600) இந்தியா வந்தார். முத்துக்குளித்துறைப் பரதவரிடையே அரை நூற்றாண்டுக்கு மேல் அவர் பணியாற்றினார். 1578 அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ பதினாறு பக்கங்கள் கொண்ட சிறுநூல். 1579இல் கொச்சியில் ‘கிரிசித்தியானி வணக்கம்’ வெளிவந்தது. தமிழ் எழுத்தில் அச்சேறிய இந்த முதல் நூல்கள் மறைக்கல்வி நூல்கள் என்பதால், மீட்பு பற்றிய கோட்பாடு தமிழ் அச்சின் முதற்பொருள்களுள் ஒன்றாகிறது. கடவுளைத் ‘தம்பிரான்’ என்னும் நல்ல தமிழ்ச் சொல்லால் குறித்த என்றீக்கசு, தூய ஆவி முதலான பல கலைச்சொற்களைப் போர்த்துக்கீசிய ஒலியிலேயே வைத்துக்கொண்டார். உள்ளூர்ச் சொற்கள் உள்ளூர்ச் சமயப் பொருளையும் உடன்கொணரும் என்னும் அச்சம் அக்காலப் பணியாளரிடையே பொதுவாக இருந்தது.

1606இல் மதுரை வந்த இராபர்ட் தெ நொபிலி (1577–1656) அந்த அச்சத்தைக் கைவிட்டார். வடமொழியும் தமிழும் கற்று, கற்றோர் வழக்கிலிருந்து கலைச்சொற்களை எடுத்தாண்டார். அவருக்குப் பின் வளர்ந்த கத்தோலிக்கத் தமிழில் ‘சர்வேசுரன்’, ‘ஆத்துமம்’, ‘பிரசாதம்’ போன்ற சொற்கள் வேரூன்றின. ஆன்மாவில் தங்கி அதைக் கடவுளுக்கு உகந்ததாக்கும் அருளைக் குறிக்க ‘தேவ இஷ்டப்பிரசாதம்’ என்னும் தொடர் நிலைபெற்றது. ‘இஷ்டம்’ என்னும் அடை, உகந்ததாக்கும் அருள் என்னும் இலத்தீன் கலைச்சொல்லின் கருத்தோடு மிக நெருங்கி வருகிறது.

‘பிரசாதம்’ என்னும் தேர்வு ஆழமானது. வடமொழியில் அச்சொல்லின் மூலப்பொருள் தெளிவு, உளமலர்ச்சி, தயவு என்பனவாகும். வழக்கில் அது இறைவனுக்குப் படைக்கப்பட்டு அடியார் கைக்குத் திரும்பிவரும் பொருளைக் குறிக்கும். தயவும் பொருளும் ஒரே சொல்லில் அமைவது ‘காரிஸ்’ என்பதன் இருமைக்கு ஏற்றதே. எனினும் தமிழ்ச் செவியில் பொருள் என்னும் கூறே மேலோங்கியது. பிரசாதம் கையில் வாங்கப்படுவது, உட்கொள்ளப்படுவது, இழக்கவும் கூடியது. ஞானோபதேச நூல்கள் இஷ்டப்பிரசாதத்தைப் பெறுதல், இழத்தல், மீண்டும் அடைதல் என்று பேசியது இந்தச் சொல்லின் போக்கோடு இயைந்தது. திரெந்து மன்றத்தின் கோட்பாட்டைத் தமிழில் பேச இதைவிடப் பொருத்தமான சொல் அமைவது அரிது.

4. தரங்கம்பாடியும் கிருபையும்

1706 சூலை 9ஆம் நாள் டேனியக் குடியேற்றமான தரங்கம்பாடிக்கு வந்த பர்த்தலோமேயு சீகன்பால்கு (1682–1719), ஹாலே நகரத்துப் பக்தி இயக்கத்தில் பயின்ற லுத்தரன் குரு. அவர் பெயர்த்த புதிய ஏற்பாட்டின் நற்செய்திகளும் அப்போஸ்தலர் நடபடிகளும் 1714இலும், முழுநூல் 1715இலும் தரங்கம்பாடியில் அச்சாயின. அவருக்கு முன் தமிழில் கிறித்தவச் சொற்றொகுதி ஒன்று இருந்தமையால், கத்தோலிக்கர் ஆண்ட சொற்கள் பலவற்றை அவரும் ஏற்றார். ஆனால் அருள் பற்றிய சொல்லில் சீர்திருத்த மரபு வேறு வழியில் சென்றது. 1772இல் வெளிவந்த பப்ரிசியஸின் (1711–1791) புதிய ஏற்பாடு வழியாகவும், ஹென்றி பவர் முன்னின்று நடத்தி 1871இல் வெளிவந்த ஐக்கிய மொழிபெயர்ப்பு வழியாகவும் ‘கிருபை’ தமிழ்ச் சீர்திருத்தச் சபைகளின் அடையாளச் சொல்லாயிற்று.

கிருபை கையில் வாங்கும் பொருளன்று. அது ஒருவருடைய மனத்தின் இயல்பு, அவருடைய கண்ணோட்டம். கிருபை உடையவர், கிருபை கூர்பவர் என்றே தமிழ் சொல்லும். ஆகவே மெலாங்க்தன் வரையறுத்த பொருள் இச்சொல்லில் இயல்பாக அமைந்தது. லூக்கா நற்செய்தியின் வாழ்த்தை ஐக்கிய மொழிபெயர்ப்பு ‘கிருபை பெற்றவள்’ என்னும் பொருளில் அமைத்தது. தமிழ்க் கத்தோலிக்க வேண்டுதலோ முதலில் ‘பூரணம்’ என்றும் பின்னர் ‘நிறைந்த’ என்றும் நிறைவின் சொல்லையே விடாது காத்தது. 1530இல் லூத்தர் எழுப்பிய பீப்பாய் வாதம் தமிழிலும் இரு பிரார்த்தனை நூல்களின் வேறுபாடாக நின்றுவிட்டது.

இரு தரப்பும் நேருக்கு நேர் மோதியதும் உண்டு. வீரமாமுனிவர் (1680–1747) ‘வேதவிளக்கம்’ (1728), ‘லுத்தேரினத்தியல்பு’ ஆகிய உரைநடை நூல்களில் தரங்கம்பாடியாரின் கொள்கைகளை மறுத்தார். அவர்களுடைய விவிலியத் தமிழின் நடையையும் அவர் கண்டித்தார். தமிழ் உரைநடையின் வளர்ச்சியில் இவ்வாத நூல்கள் பெற்ற இடம் இலக்கிய வரலாற்றாசிரியரால் பலவாறு எடுத்துரைக்கப்பட்டுள்ளது. அந்த உரைநடைக்கு உந்துதல் தந்த வினாக்களுள் மீட்பின் காரணம் பற்றிய வினாவும் ஒன்று என்பதும் உடன் கருதத்தக்கது.

5. தமிழ் மண்ணில் முன்பே நிகழ்ந்த வழக்கு

கிருபை என்னும் சொல் தமிழ்ச் சமய வழக்கில் வெறுமையான சொல்லாக இருக்கவில்லை. பிள்ளை லோகாசாரியரும் வேதாந்த தேசிகரும் (1268–1369) வாழ்ந்த காலத்திலேயே வைணவம் இவ்வினாவை எழுப்பியிருந்தது. இறைவனின் கிருபை எவ்வகைக் காரணமும் வேண்டாத நிர்ஹேதுக கிருபையா, அல்லது சிறியதோர் ‘வியாஜம்’ ஆயினும் உயிரின் பக்கத்தில் வேண்டுமா என்பது அது. தாய்ப்பூனை குட்டியைக் கவ்விச் செல்லுதலும், குட்டிக்குரங்கு தாயைப் பற்றிக்கொள்ளுதலும் ஆகிய இரு உவமைகளால் தென்கலை, வடகலை நிலைகள் விளக்கப்பட்டன. மேலும் வைணவ ஆசாரியர்கள் மீட்பின் காரணத்தை இறைவனின் குணங்களிலேயே தேடினர். எளிவந்த தன்மையாகிய சௌலப்யம், தாழ்ந்தோருடன் வேற்றுமையின்றிக் கலக்கும் சௌசீல்யம், குற்றத்தையும் பொருட்படுத்தாத வாத்ஸல்யம் ஆகிய குணங்கள் அடைக்கலம் புகுவோர்க்கு உறுதியாகக் காட்டப்பட்டன. லூத்தருக்கு முன்பே, ஐரோப்பாவோடு தொடர்பின்றி, தமிழ் மண்ணில் எழுந்த வினா இது. செருமானிய அறிஞர் ருடால்ஃப் ஓட்டோ 1930இல் வெளியிட்ட ஒப்பாய்வு நூல் இவ்வொற்றுமையை மேலை இறையியலாரின் கவனத்துக்குக் கொணர்ந்தது.

எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் (1827–1900) வாழ்வு இவ்விரு மரபுகளும் கூடும் இடம். நெல்லைச் சீமையில் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்து, கம்பனில் ஊறி, 1858இல் திருமுழுக்குப் பெற்றார். ஜான் பனியனின் உருவகக் கதையைத் தழுவி 1894இல் அவர் வெளியிட்ட ‘இரட்சணிய யாத்திரிகம்’, பாவத்தின் சுமையைத் தானே இறக்க இயலாத மனிதனைக் காப்பிய நடையில் காட்டுகிறது. அந்நூலின் மொழி புதிய சமயத்திற்காக வலிந்து ஆக்கப்பட்டதாகத் தோன்றாமைக்குக் காரணம், குணங்களைப் போற்றி அடைக்கலம் புகும் வைணவ மரபு அவருக்கு முன்பே சொற்களைத் தந்திருந்ததாகும்.

சைவத்தின் பக்கத்தில் ‘அருள்’ என்னும் சொல் இன்னும் செறிந்த பொருளுடையது. உமாபதி சிவாசாரியாரின் ‘திருவருட்பயன்’ பத்து அதிகாரங்களில் நூறு குறட்பாக்களால் இறை, உயிர், மலம், அருள் ஆகியவற்றின் நிலையை வகுக்கிறது. அங்கே அருள் என்பது இறைவனிடமிருந்து பிரிக்கவியலாத சத்தி; மறைத்தலும் அதன் ஒரு தொழிலே. அதே வேளையில் மலபரிபாகம், இருவினையொப்பு ஆகிய பக்குவ நிலைகளும் பேசப்படுகின்றன. ஆதலின் பக்குவமும் அருளும் எவ்வாறு இயைகின்றன என்பது சைவத்திற்கும் உரிய வினாவாகிறது. ஜி. யு. போப் 1900இல் தம் திருவாசக ஆங்கில மொழிபெயர்ப்போடு திருவருட்பயனையும் சேர்த்து வெளியிட்டபோது, கிறித்தவ வாசகர் இவ்வொற்றுமையை உணர வழிசெய்தார்.

ஒற்றுமை கூறுமிடத்து வேறுபாட்டையும் கூறவேண்டும். கிறித்தவம் கடவுளின் குணத்திற்குச் சான்றாக ஒரு வரலாற்று நிகழ்வை, உரோம ஆட்சியில் எருசலேமில் நிகழ்ந்த ஒரு சாவை, முன்வைக்கிறது. நீதியும் இரக்கமும் அங்கே ஒன்றுபட்டன என்பது அதன் கூற்று. வைணவ, சைவ மரபுகள் குணத்தின் வெளிப்பாட்டை அவதாரங்களிலும் திருவிளையாடல்களிலும் குருவின் வருகையிலும் காண்கின்றன. குணமே காரணம் என்பதில் அவை நெருங்கினும், அக்குணம் எங்கே அறியப்படுகிறது என்பதில் வழிகள் பிரிகின்றன.

6. அருள் திரும்பிய வழி

இத்துணை வளம் பொருந்திய ‘அருள்’ மொழிபெயர்ப்புகளில் முதன்மை பெறக் காலந்தாழ்ந்ததன் காரணம் அந்த வளமே எனலாம். சைவத் தத்துவம் முழுவதையும் உடன்கொணரும் சொல்லை ஏற்கப் பணியாளர் தயங்கினர். யாழ்ப்பாணத்தில் பீற்றர் பேர்சிவல் மேற்கொண்ட மொழிபெயர்ப்பில் ஆறுமுக நாவலர் (1822–1879) துணைநின்றார். 1850இல் வெளிவந்த அப்பதிப்பு தமிழ்நடையில் உயர்ந்ததாகப் போற்றப்பட்டும் சபைகளில் நிலைபெறவில்லை. நாவலர் பின்னர் சைவத்தின் காவலராக 1854இல் ‘சைவதூஷண பரிகாரம்’ எழுதினார்.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் (1962–1965) பின் கத்தோலிக்க வழிபாட்டுத் தமிழ் வடமொழிச் சொற்களைக் குறைத்தபோது இஷ்டப்பிரசாதம் மறைந்து அருள் வந்தது. 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு எபேசியர் மடலில் அருள், நம்பிக்கை, மீட்பு என்னும் சொற்களை ஆண்டது. கிருபை, விசுவாசம், இரட்சிப்பு என்னும் பழைய முக்கூட்டிற்கு ஈடானவை இவை. திருக்குறளை அறிந்த தமிழர்க்கு இத்தேர்வின் பொருத்தம் விளங்கும். வள்ளுவர் அன்புடைமையை இல்லறவியலிலும் அருளுடைமையைத் துறவறவியலின் தொடக்கத்திலும் வைத்தார். தொடர்புடையார்மேல் செல்வது அன்பு, தொடர்பு நோக்காது எல்லா உயிர்மேலும் செல்வது அருள் என்று பரிமேலழகர் பிரித்தார். தகுதியோ உறவோ காரணமாகாத இரக்கம் என்னும் பவுலின் கருத்துக்கு இதனினும் நெருங்கிய தமிழ்ச் சொல் காண்டல் அரிது.

ஆனால் இம்மாற்றத்தில் ஓர் இழப்பும் உண்டு. ஐக்கிய மொழிபெயர்ப்பு ‘ஹெசெட்’ என்பதை ஒரே சொல்லால் பெயர்க்கவில்லை. யாத்திராகமம் 34இல் ‘தயை’ என்றது. சங்கீதங்களில் பல இடங்களில் ‘கிருபை’ என்றது. 136ஆம் சங்கீதத்தில் இருபத்தாறு முறை திரும்பிவரும் தொடரில் கிருபை என்னும் சொல்லே அமைந்தது. அச்சங்கீதத்தைப் பாடிய தமிழர், பவுலின் மடலை வாசிக்கும்போது அதே சொல்லைக் கண்டனர். படைப்பிலும் விடுதலைப் பயணத்திலும் வெளிப்பட்ட குணமே சிலுவையிலும் வெளிப்பட்டது என்பதை விளக்கவுரையின்றி அச்சொல்லே உணர்த்தியது. திருவிவிலியம் சங்கீதத்தில் ‘பேரன்பு’ என்றும் மடலில் ‘அருள்’ என்றும் பெயர்த்தமையால் எபிரேயச் சொல்லின் நுட்பம் காக்கப்பட்டது. குணத்திற்கும் மீட்பிற்கும் இடையே சொல்லளவில் இருந்த பாலம் மறைந்தது.

7. கோட்பாட்டின் முன் சபை

மீட்பின் காரணம் கடவுளின் குணம் மட்டுமே எனில், மனிதரிடையே எவருக்கும் முன்னுரிமை கூற இடமில்லை. பிறப்பும் ஒழுக்கமும் கல்வியும் காரணப் பட்டியலிலிருந்து நீங்கிவிடுகின்றன. இம்முடிவைத் தமிழ்ச் சபைகள் எவ்வாறு எதிர்கொண்டன என்பதே கோட்பாட்டின் உண்மையான சோதனை.

தஞ்சை அரசனின் படையில் பணியாற்றிய இராசநாயக்கன் என்பவர் கத்தோலிக்கராக இருந்து, தரங்கம்பாடியில் அச்சான நற்செய்திகளைப் படித்து 1720களில் லுத்தரன் சபையில் சேர்ந்தார். தஞ்சைப் பகுதியில் சிறந்த உபதேசியாராக விளங்கினார். 1733இல் வேளாளரான ஆரோன் முதல் தமிழ் லுத்தரன் குருவாக அருட்பொழிவு பெற்றார். 1741இல் தியோகு பெற்றார். பறையர் குலத்தவரான இராசநாயக்கன் பெறவில்லை. அவர் கையிலிருந்து மேல்சாதிச் சபையார் நற்கருணை வாங்கமாட்டார் என்பது தடையாகக் கூறப்பட்டது. தகுதி நோக்காத கிருபையை அறிவித்த சபையில், அக்கிருபையின் அடையாளமாகிய அப்பத்தைக் கொடுக்கும் கைக்குத் தகுதி நோக்கப்பட்டது.

தரங்கம்பாடி, தஞ்சைச் சபைகளில் சாதிவாரியாகப் பிரிந்தமரும் வழக்கம் நீடித்தது. 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், சபைகளில் சாதி வேறுபாடு உடனடியாகவும் முற்றாகவும் நீங்க வேண்டுமென ஆணையிட்டபோது தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் பெரும் எதிர்ப்பு எழுந்தது. எதிர்த்தோருள் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) முதன்மையானவர். ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடிய கவிஞர். சாதி உலகியல் ஒழுங்கே, சமயம் சார்ந்ததன்று என்பது அவர் தரப்பு வாதம். கிருபையைத் தமிழில் மிக இனிமையாகப் பாடியவர்களுள் ஒருவர் இந்த வாதத்தின் பக்கம் நின்றது தனிமனிதக் குறையாக மட்டும் கொள்ளத்தக்கதன்று. கடவுளுக்கும் மனிதனுக்கும் இடையிலான காரண வினாவை மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையில் எழாதபடி பிரித்துவைக்கும் போக்கு அக்காலச் சபையில் ஆழ வேரூன்றியிருந்தது. கடவுளின் குணத்தை அறிந்தும் அதன் விரிவை ஏற்க மறுத்த யோனாவின் நிலையோடு இதனை ஒப்பிடலாம்.

முடிவுரை

1999 அக்டோபர் 31ஆம் நாள் அவுக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் உலக லுத்தரன் கூட்டமைப்பும் நீதியாக்கப்படுதல் பற்றிய கூட்டறிக்கையில் கையொப்பமிட்டன. மனிதரின் எத்தகுதியாலுமன்றி அருளால் மட்டுமே கடவுள் மனிதரை ஏற்கிறார். அவ்வாறு ஏற்கப்பட்டோரின் உள்ளத்தைத் தூய ஆவியார் புதுப்பிக்கிறார் என்பது அதன் மையக் கருத்து. காரணம் கடவுளின் தயவு என்பதும், அதன் விளைவு மனிதனுள் நிகழ்கிறது என்பதும் ஒருங்கே ஏற்கப்பட்டன. தமிழில் சொல்வதாயின், கிருபையும் இஷ்டப்பிரசாதமும் ஒரே மேசையில் அமர்ந்தன.

தமிழ்ச் சொல்வரலாறு இவ்வுடன்பாட்டை வேறொரு வழியில் முன்னரே நெருங்கியிருந்தது. பிரசாதம் கொடையின் மெய்ம்மையைக் காத்தது. கிருபை கொடுப்பவரின் முகத்தைக் காட்டியது. அருள் அவ்விரண்டையும் தமிழின் பழமையான அறச்சொல்லோடு இணைத்தது. இன்று தமிழகத்திலும் ஈழத்திலும், தரங்கம்பாடி மரபின் கிளையாக லுத்தரன் சபை வளர்ந்த மலேசியாவிலும், புலம்பெயர்ந்தோர் வாழும் ஐரோப்பிய, வட அமெரிக்க நகரங்களிலும் தமிழ்ச் சபைகள் இச்சொற்களுள் ஒன்றையோ இரண்டையோ ஆண்டு வழிபடுகின்றன. பிறமொழியில் வளரும் அடுத்த தலைமுறைக்கு இவை வழக்கிழந்த வேதச் சொற்களாக மட்டும் எஞ்சுமானால், நான்கு நூற்றாண்டுச் சிந்தனையின் பதிவு ஒன்று கைநழுவும். சொல்லகராதியில் இவற்றின் பொருளைத் தொகுப்பதோடு, இவை எந்த வினாவுக்கு விடையாக எழுந்தன என்பதையும் பதிவுசெய்வது தமிழாய்வின் கடமையாகும்.

சொல் எதுவாயினும், இராசநாயக்கனுக்கு மறுக்கப்பட்ட அருட்பொழிவு அச்சொல்லின் முன் நின்று வினவிக்கொண்டே இருக்கும். மீட்பின் காரணம் கடவுளின் குணமே என்று கூறும் ஒரு சமூகம், தன் நடுவில் வேறு எந்தக் காரணத்தால் ஒருவரை ஏற்கிறது அல்லது விலக்குகிறது என்பதைக் கொண்டே அக்கூற்று அளக்கப்படும்.